லாம்டா எண்ணைப் பார்க்காமல் கன்வர்ட்டரை மாற்ற விடாதீர்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. புகைப் பரிசோதனையில் கார் தேறவில்லை என்றால் அந்தத் தாளை முதலில் கையில் வாங்கி, அதிலுள்ள எண்களைப் படியுங்கள். "ஃபெயில் ஆயிடுச்சு" என்ற ஒரு சொல்லை மட்டும் சுமந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். ஒரு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்), ஒரு ஆக்சிஜன் சென்சார், நான்கு ஸ்பார்க் பிளக் என்று பணம் கட்டிய பிறகும் கார் தேறவில்லை. கோளாறு இருந்ததோ விரல் நுனி அளவுள்ள ஒரு கனெக்டரில்.

கார் 17 வருடம் ஓடியது. வண்டி நன்றாகத்தான் கிளம்பும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வெப்ப முள்ளும் நடுவில் சரியாக நிற்கும். கொஞ்ச நாளாகப் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, பின்பக்கம் நின்றால் பெட்ரோல் வாடை வருகிறது, இவ்வளவுதான் நான் கவனித்த மாற்றம். ஒர்க்‌ஷாப்பில் இதையும் சொன்னேன். அங்கிருந்த மெக்கானிக் காதில் வாங்கவில்லை. பானட்டைக்கூடத் திறக்காமல், "வருஷம் ஆச்சு சார், கன்வர்ட்டர் போயிருக்கும், மாத்தினா பாஸ்" என்றார். பரிசோதனைத் தாளை நீட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் தாளில் இருந்தவை இவை: கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 290 பிபிஎம் (பத்து லட்சத்தில் 290 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 13.2 சதவீதம், ஆக்சிஜன் 0.1 சதவீதம், லாம்டா 0.92. அன்றைக்கு எனக்கு இவை வெறும் எண்கள். கன்வர்ட்டர் மாற்றிய பிறகு மறுபடி சோதித்தபோது கார்பன் மோனாக்சைடு 2.7, ஹைட்ரோகார்பன் 260. லாம்டா அதே 0.92. பத்தே நாளில் இரண்டு தாள்கள், கிட்டத்தட்ட ஒரே எண்கள். திரும்பப் போனதும், "அப்போ ஆக்சிஜன் சென்சார்தான்" என்றார். அதையும் பிளக்குகளையும் மாற்றினார். மூன்றாம் முறையும் தேறவில்லை. அடுத்ததாக என்ஜின் கணினியையே மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் சாவியைத் திருப்பி வாங்கினேன்.

இனி லாம்டாவைப் பற்றி. பெட்ரோல் முழுமையாக எரிய 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தச் சரியான விகிதம்தான் லாம்டா 1. அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் காற்று அதிகம். சூடான என்ஜினில் 0.97 முதல் 1.03 வரை இருப்பதைப் பல இடங்களில் சரி என்று ஏற்கிறார்கள். என் காரில் இருந்தது 0.92. அதாவது தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எந்த மெக்கானிக்கும் மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. கன்வர்ட்டரால் லாம்டாவை மாற்ற முடியாது. அது கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் மிச்சமுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கிறது. லாம்டா கணக்கு எல்லா வாயுக்களிலும் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்தே எண்ணுகிறது. அதனால் கன்வர்ட்டருக்கு முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் அந்த எண் ஒன்றுதான். பெட்ரோல் அதிகமாக இருக்கும்போது எரிக்க ஆக்சிஜனே மிஞ்சாது. அப்போது எவ்வளவு புதிய கன்வர்ட்டராக இருந்தாலும் அது என்ன செய்யும்? முதல் தாளில் ஆக்சிஜன் 0.1 தான். பழைய கன்வர்ட்டர் தனக்குக் கிடைத்ததைப் பெரும்பாலும் பயன்படுத்தித்தான் இருந்திருக்கிறது. அது கெட்டுப்போனதற்கு அந்தத் தாளில் ஒரு அடையாளமும் இல்லை.

பழைய கன்வர்ட்டர் எங்கே என்று கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்" என்றார். கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. ஓடித் தேய்ந்ததையும் பழைய பொருள் வாங்குபவர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். அதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். நான் இழந்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, வயதான இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்டது அந்தத் தாள்களைத்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "லாம்டா அசையவே இல்லையே, அப்போ பெட்ரோல் ஏன் கூடுதுன்னுதானே பார்க்கணும்" என்றார். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஸ்கேனரை மாட்டினார். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. அத்தோடு நிறுத்தாமல், என்ஜின் ஓடும்போது சென்சார்கள் சொல்லும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் 21 டிகிரி என்று இருந்தது. பானட்டுக்கு மேல் கை வைக்க முடியாத சூட்டில் 21 டிகிரி!

கூலண்ட் வெப்ப சென்சார் சூடாகும்போது அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் இருக்கும், 80 டிகிரிக்கு மேல் சில நூறு ஓம்தான். என் காரில் சென்சார் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்தக் களிம்பு கூட்டிய மின்தடையால், என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி நம்பியது. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தருவது அதன் வேலை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதையும் அது அப்போது கேட்காது. 21 டிகிரி நடக்கக்கூடிய வெப்பம்தான் என்பதால் பிழையாகவும் பதியவில்லை. வெப்ப முள் சரியாகக் காட்டியதற்குக் காரணம், அதற்குத் தனி சென்சார். பழைய கார்கள் பலவற்றில் இப்படித்தான்.

கனெக்டரைச் சுத்தம் செய்து சென்சாரை மாற்றினார். எண் மெல்ல ஏறி 88 இல் நின்றது. என்ஜின் ஆயிலையும் மாற்றச் சொன்னார். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கும், அதன் ஆவி திரும்ப என்ஜினுக்குள் போய் அளவைக் கெடுக்கும் என்றார். நான்காவது தாள்: கார்பன் மோனாக்சைடு 0.05, ஹைட்ரோகார்பன் 30, லாம்டா 1.00.

எல்லாக் காருக்கும் இதே கோளாறுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அதிகம், லாம்டா 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடும் காரணத்தைத் தேட வேண்டும்: கசியும் இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், என் காரைப் போலத் தவறாகச் சொல்லும் சென்சார். கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் அதிகம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு என்று பாருங்கள். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து லாம்டா 1ஐத் தாண்டிக் காட்டும், அதை முதலில் அடைக்காவிட்டால் மற்ற எண்களையும் நம்ப முடியாது. என்ஜின் நன்றாகச் சூடாகி, கசிவு எதுவும் இல்லாமல், லாம்டாவும் 1இல் நின்று, அப்போதும் வாயுக்கள் அதிகமாக வந்தால் கன்வர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். அந்த நிலையிலும் பழையதைக் கழற்றியதும் உங்களிடம் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது தாளோடு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "பழைய வண்டில எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடர்புதான் சார்" என்றார். என் கன்வர்ட்டரைத் திருப்பித் தாருங்கள் என்றேன். அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.