பயணத்துக்கு முன் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

குடும்பத்தோடு காரில் கிளம்பும் நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது செல்ஃப் மோட்டார் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பெயின்ட் அடித்த பழையதை எங்கள் காரில் மாட்டிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, எங்கள் மோட்டாரில் கோளாறே இல்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும், என்ஜின் சுற்றாது. திரும்பத் திரும்ப முயன்றால் எடுத்துக்கொள்ளும். விளக்குகளெல்லாம் நன்றாகவே எரிந்தன. ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வார இறுதியில் நெடுந்தூரம் போகிறோம் என்று சொன்னேன். அதைக் கேட்டதுமே மெக்கானிக்கின் பேச்சு மாறியது. “செல்ஃப் போயிடுச்சு சார். வயசானவங்கள வச்சுக்கிட்டு ராத்திரியில நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவீங்க? முழுசா மாத்திடுங்க” என்றார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. பேட்டரி டெர்மினலை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒற்றை ‘டக்’ சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் போகவில்லை என்பதுதான் அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் அர்த்தம். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிள் முனை துருப்பிடித்திருக்கலாம். செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த அளவு கரண்டில் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போய்விடும். விளக்குக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் அது பாட்டுக்கு எரியும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. சரி, வேலை முடிந்தது என்று கிளம்பினோம். வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு, என்ஜின் நல்ல சூட்டில் இருந்தபோது சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’. அம்மா முகம் வெளிறிப்போய்விட்டது.

பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முதலில் செய்தது மீட்டரை எடுத்ததுதான். பேட்டரியில் 12.6 வோல்ட், குறை இல்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் 2 வோல்ட்டையும் தாண்டியது. எர்த் கேபிளில், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் கேபிளில், கியர்பாக்ஸோடு மாட்டியிருந்த போல்ட் துருவேறிக் கிடந்தது. கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினார், உடனே எடுத்துக்கொண்டது.

அவர்தான் அந்தப் ‘புது’ மோட்டாரையும் டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்புப் பெயின்ட் போல்ட்டின் மரையிலும் வயர் மாட்டும் இடத்திலும் வழிந்திருந்தது. பார்ட் நம்பர் ஸ்டிக்கர் இருந்த இடத்தின் மேலேயே அடித்திருந்தார்கள். பெயின்ட்டுக்கு அடியில் பழைய துரு மேடு பள்ளமாகத் தெரிந்தது.

ரீகண்டிஷன் மோட்டாரே, அதாவது பழையதைச் சரிசெய்து விற்கும் மோட்டாரே, கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரஷ், புஷ், கான்டாக்ட் எல்லாம் ஒழுங்காக மாற்றியிருந்தால் அது நன்றாகவே ஓடும். ஆனால் அதை ரீகண்டிஷன் என்று சொல்லி, அதற்குரிய விலையில் தர வேண்டும்.

திரும்பி வந்து கேட்டபோது எங்கள் பழைய மோட்டார் அன்றே ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த மோட்டார் இப்போது வேறு யாருடைய காரிலோ ‘புதுசாக’ இருக்கும் என்றுதான் எனக்குச் சந்தேகம். பில்லை எடுத்துக் காட்டினால், அதில் “செல்ஃப் வேலை” என்று மட்டும் இருக்கிறது, புதியது என்று எங்கே எழுதியிருக்கிறோம் என்று கேட்கிறார்கள்.

நீங்கள் இந்த நிலையில் இருந்தால், பயணத் தேதியை வாயே திறக்காதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், செல்ஃப் போடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது, எர்த் கேபிள் வழியில் எத்தனை வோல்ட் வீணாகிறது என்று உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். புதியது என்றால் பெட்டியோடு பாருங்கள், பார்ட் நம்பர் பில்லில் ஏறட்டும். வண்டியை எடுக்கும்போது நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். எங்கள் வண்டி மாட்டிக்கொண்டது அந்தச் சூட்டில்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

மோட்டாரின் போட்டோக்களையும், எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த அளவுகளையும் இணைத்து அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.