கல்லடி வெக்கையும் ஒரு பக்கெட் குவார் கம்மும்

வீட்டில் ஐஸ்கிரீம் செய்து விற்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஜூஸைப் போத்தலில் அடைத்து விற்பவர்கள் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும். மட்டக்களப்பு டவுனில் கேக் சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைக்கிற, பாலையும் ஜூஸையும் தடிப்பாக்கும் குவார் கம் தூளின் 100 கிராம் பக்கெட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். தூள் இந்தியாவில் இருந்து வருகிறது, பொதி செய்வது இங்கே.

நான் இதைத் தேடிப் போனது, மிருகங்களின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினால். காத்தான்குடியில் இருந்து ஓடர் தருகிற முஸ்லிம் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதே "ஜெலட்டின் போடுறீங்களா?" என்றுதான். கல்லடியில் எங்கள் அயலவர்களுக்கோ கந்தசஷ்டி வந்துவிட்டால் எலும்பு, தோல் என்ற பேச்சே ஆகாது. குவார் கம் கொத்தவரை விதையின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டு மிச்சத்தை அரைத்த மா. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் சொல்லலாம்.

தூள் நன்றாக நைந்திருக்கிறது, நிறம் வெள்ளை கலந்த மஞ்சள். மோந்தால் பச்சைப் பயற்று வாடை லேசாக அடிக்கும். மாம்பழத்திலும் சொக்லேட்டிலும் அது தெரியாது, இளநீர் ஐஸ்கிரீமில் தெரிகிறது. நேரடியாகப் பாலில் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். கட்டியின் வெளிப்புறம் முதலில் ஊறி வழுவழுப்பாகி, உள்ளே தண்ணீர் போக விடாமல் அடைத்துக்கொள்கிறது. நான் 1 லீட்டர் கலவைக்கு 2 கிராம் எடுத்து, பத்து மடங்கு சீனியுடன் உலர்வாகக் கலந்து, பிளெண்டர் சுற்றும்போது தூவுகிறேன். அடுப்பு தேவையில்லை, குளிர்ந்த பாலிலேயே ஊறும். ஆனால் முழுத் தடிப்பும் வர ஒன்றிரண்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். உடனே தடிக்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போட்டால் பிறகு அது கூழ்தான்.

எனக்குப் பிடித்தது இதன் ஓட்டம். உயர்தர வகுப்பில் பிசுக்குமை, அதாவது திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் தடை என்றால், வெப்பநிலை மாறாத வரைக்கும் ஒரு திரவத்துக்கு ஒரே எண் என்று படித்தோம். தண்ணீருக்கும் சீனிப்பாகுக்கும் அது சரி. குவார் கரைசல் அந்தக் கணக்கில் அடங்காது. சும்மா இருக்கும்போது தடிப்பாக நிற்கும், வேகமாகக் கலக்கினால் இளகி ஓடும், கலக்குவதை நிறுத்தினால் பழையபடி தடிக்கும். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கலக்கும்போது ஓட்டம் போகும் திசைக்கு அவை நீண்டுகொடுக்கின்றன. சோஸ் போத்தலை அமுக்கினால் வழுக்கி வருவதும், ஐஸ்கிரீமில் ஊற்றியதும் அங்கேயே நிற்பதும் இதனால்தான்.

ஐஸ்கிரீமில் இது செய்யும் வேலையைச் சிலர் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். இது உருகுவதைத் தடுக்கும் மருந்தில்லை. கரண்ட் போய் வரும்போதும், ரெஜிபோம் பெட்டியில் காத்தான்குடி வரை வெயிலில் போகும்போதும், பாதி உருகின தண்ணீர் திரும்ப உறைந்து பெரிய பனிக்கட்டி மணியாகும். பல்லில் நறநறவென்று படுவது அதுதான். அந்த மணிகள் வளர்வதைக் கம் மந்தப்படுத்துகிறது. வாடிக்கையாளர் வீட்டு பிரீசரில் கிடந்த என் வனிலாவைச் சில நாள் கழித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன், வழுவழுப்புக் குறையவில்லை. இதற்காகவே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஒரு தொல்லை உண்டு. கலவையை இரவு பிரிட்ஜில் வைத்தால் காலையில் அடியில் தெளிந்த நீர் நிற்கும். பால் புரதமும் குவாரும் ஒன்றையொன்று ஒதுக்குகின்றன. தொழிற்சாலைகளில் கடற்பாசியில் எடுக்கும் கராஜினன் ஒரு சிட்டிகை சேர்த்துச் சமாளிப்பார்கள். நான் மெஷினில் ஊற்ற முன் நன்றாக அடித்துவிடுகிறேன்.

ஜூஸ் விஷயத்தில் இது ஏமாற்றம். மாம்பழச் சதை மிதந்து நிற்கும் என்று நம்பக் கூடாது. அசையாமல் இருந்தாலும் குவார் கரைசல் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், சதை இறங்கிவிடும். அதற்குச் சாந்தன் கம்தான் சரி. அது விதையில் வருவதில்லை, பக்டீரியா நொதித்துத் தருவது. இரண்டையும் பாதிப் பாதி சேர்த்தால் தடிப்பு தனித்தனியாகப் போட்டதைவிட அதிகம், செலவும் குறைவு. சர்பத்துக்கு எதுவும் வேண்டாம். ஊறிய கசகசா (துளசி இன விதை) தன் வழுவழுப்பைத் தானே கொண்டு வரும்.

லோக்கஸ்ட் பீன் கம்மையும் கொழும்பிலிருந்து தருவித்துப் பார்த்தேன். மத்தியதரைக்கடல் பக்கத்துக் கரோப் மரத்தின் விதை அது. வாயில் இன்னும் கிறீம் போல இருக்கும். ஆனால் 80 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் முழுதாகக் கரையும், விலையும் குவாரைவிட எத்தனையோ மடங்கு. இரண்டும் சீனி மூலக்கூறுகள் கோத்த ஒரே குடும்பச் சங்கிலிதான். குவாரில் இரண்டு மனோசுச் சீனிக்கு ஒரு கலக்டோசுச் சீனி கிளை, கரோபில் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. கிளை குறைந்ததால்தான் அது குளிர்ந்த நீரில் லேசில் கரைவதில்லை. அதே காரணத்தால் சாந்தனோடு சேர்ந்து ஜெலியாகவும் ஆகிறது, குவார் ஆகாது.

இந்த மா அடுப்படிக்கு மட்டும் வருகிற சாமான் இல்லை. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் கிணறுகளில், வெடிப்புகளுக்குள் மணலைச் சுமந்து போகும் தண்ணீரைத் தடிப்பாக்குவது குவார்தான். 2012 அளவில் அந்தத் தேவையால் ராஜஸ்தானில் கொத்தவரை விதை விலை தாறுமாறாக ஏறியது. துணி அச்சடிப்பதற்கும் காகித ஆலைக்கும் போகிறது. நாங்கள் துப்பி எறியும் புளியங்கொட்டையின் மாவும் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போகிற சாமான்தான். மருதமுனைத் தறிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

பக்கெட்டில் எனக்கு இரண்டு குறை. "லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அது ஐஸ்கிரீமுக்கே கொஞ்சம் கூட, ஜூஸுக்கு மிக அதிகம். கிராமில் எழுதியிருக்கலாம். மற்றது, பக்கெட் வாயிலுள்ள சிப் ஒழுங்காக மூடுவதில்லை. கிலோ பக்கெட் மலிவு என்று கடைக்காரர் சொன்னார். கடற்காற்றில் அது ஈரம் இழுத்துக் கட்டிபடும் என்பதால் நான் 100 கிராமையே வாங்கி மூடியிறுகிய போத்தலில் கொட்டி வைக்கிறேன்.