டெர்மினஸ் எழுத்துரு: விஎஸ் கோடில் 16 பிக்சலில் மிளிர்வது

நிரல் எழுதுவதற்கான பிட்மேப் (பிக்சல் புள்ளிகளால் வரையப்பட்ட) எழுத்துருக்களில் டெர்மினஸுக்கு இணையானதை நான் இதுவரை கண்டதில்லை. டிமிடர் ஜெகோவ் உருவாக்கிய இந்த இலவச எழுத்துருவில், ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தப் பிக்சல் ஒளிர வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பது ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கப்பட்டிருப்பதால், சுழியமும் ஆங்கில ஓவும், ஒன்று என்ற எண்ணும் சிறிய எல்லும் ஒரு கணமும் குழப்பம் தருவதில்லை. தடித்த வடிவமும் அதே அகலத்துக்குள் அடங்கிவிடுவதால் வரிகளின் ஒழுங்கு குலைவதில்லை.

இத்தகைய எழுத்துருவை இன்றைய மென்பொருள்கள் நடத்தும் விதம் வருத்தம் அளிக்கிறது. லினக்ஸில் பல செயலிகளுக்கு எழுத்துகளை அமைத்துக் கொடுக்கும் பாங்கோ, 2019இல் வெளியான 1.44ஆம் பதிப்பில் எழுத்துகளை வடிவமைக்கும் நிரலகமான ஹார்ஃப்பஸ்ஸை மட்டுமே நம்பத் தொடங்கியதால், பிசிஎஃப் போன்ற பழைய வடிவிலான பிட்மேப் எழுத்துருக் கோப்புகள் அச்செயலிகளில் அடியோடு செயலிழந்தன. அச்செயலிகளுக்கு ஓடிபி (ஓபன்டைப் பிட்மேப்) வடிவிலான டெர்மினஸ் தீர்வாகிறது. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் அது தனிப் பொதியாகவே கிடைக்கிறது. விண்டோஸில் எழுத்துகளைத் திரையில் வரையும் டைரக்ட்ரைட்டும் பழைய பிட்மேப் கோப்புகளை ஏற்பதில்லை.

வலை உலாவியின் நுட்பத்தில் இயங்கும் எலக்ட்ரான் மீது எழுப்பப்பட்ட நிரல் எடிட்டரான விஎஸ் கோடில் இதைப் பயன்படுத்த விரும்புவோருக்கு ட்ரூடைப் பதிப்பே உகந்தது. அதில் பிக்சல் கட்டங்களின் விளிம்புகள் கோடுகளாக மாற்றப்பட்டுள்ளன. எழுத்துருவின் மூல அளவுகளில் எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றன; 15 பிக்சல் என்று வைத்தாலோ விளிம்புகள் கட்டத்தின் நடுவில் விழுந்து, சாம்பல் நிறக் கசிவாகத் தெரிகின்றன. எழுத்துரு மோசமானது என்று பலர் இந்த இடத்தில்தான் முடிவுகட்டி விலகிவிடுகிறார்கள். அது அநியாயமான தீர்ப்பு.

என் பரிந்துரை 16 பிக்சல். டெர்மினஸின் மூல உயரங்களில் 16, 20, 24, 28, 32 ஆகிய ஐந்தும் உள்ளன. திரையின் பெருக்கம் 100, 125, 150, 175, 200 விழுக்காடு என எதுவாக இருந்தாலும் 16 பிக்சல் எழுத்து இந்த ஐந்தில் ஒன்றாகவே மாறுகிறது. ஆனால் விஎஸ் கோடின் சாளரப் பெரிதாக்கல் சுழியத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் அது ஒரு படிக்கு 20 விழுக்காடு கூட்டுவதால் 100 விழுக்காட்டுத் திரையில் 16 என்பது 19.2 ஆகி, கூர்மை முழுவதும் போய்விடும். லினக்ஸின் புதிய காட்சி முறையான வேலேண்டில், பழைய செயலிகளுக்கான இடைப்பாலமான எக்ஸ்வேலேண்ட் வழியாக எடிட்டர் ஓடி, அதன் படத்தை மேசைச்சூழலே பெரிதாக்கும்போது இந்தக் கணக்கும் பயன் தராது.

டெர்மினஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதுவோருக்கு அவ்வரிகள் வேறோர் எழுத்துருவில்தான் தெரியும். அளவை அடிக்கடி மாற்றுபவர்கள் ஜெட்பிரெயின்ஸ் மோனோ போன்ற, எந்த அளவுக்கும் விரியும் கோட்டுரு எழுத்துருவை நாடுவது நல்லது. ஒரே அளவில் நிலைத்து நிற்பவர்கள் தயங்காமல் டெர்மினஸை நிறுவலாம்.