மரமா, பிளைவுட்டா, எம்.டி.எஃப்பா? சமையலறைக் கதவுகள் ஓர் அலசல்

கடையில் மாதிரிக்கு நிறுத்தியிருக்கும் அலமாரிக் கதவுகள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் வைத்து முடிவெடுத்தால் நல்லதற்கும் சுமாரானதற்கும் வித்தியாசமே தெரியாது. நான் முதலில் குனிந்து பார்ப்பது கதவின் அடி விளிம்பை. சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவில் வழியும் தண்ணீர் கடைசியாகப் போய்த் தங்குவது அங்கேதான். அரைகுறை வேலையின் சாயம் முதலில் வெளுப்பதும் அங்கேதான்.

உள்ளே இருக்கும் பலகை, மேலே இருக்கும் பூச்சு அல்லது தகடு, விளிம்பில் ஒட்டும் பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கதவு. விற்பவர் நம்மிடம் அதிகம் பேசுவது பூச்சைப் பற்றி. கதவு எத்தனை காலம் உழைக்கும் என்பதோ பலகையையும் விளிம்பையும் பொறுத்தது.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் திசையில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லிவிடலாம். குறுக்குவாட்டில்தான் அது நடக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த தச்சர் நான்கு பக்கமும் சட்டம் கட்டி, சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் செருகி விடுகிறார். பலகை தன் இஷ்டத்துக்கு விரியவும் சுருங்கவும் அங்கே இடம் இருக்கும். பசை போட்டு இறுக்கிவிட்டால் ஒன்று பலகை வெடிக்கும், இல்லாவிட்டால் சட்டத்தின் மூட்டு விலகும். எனவே மரக் கதவு செய்யக் கொடுப்பவர்கள் நடுப்பலகைக்குப் பசை உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சட்டத்தின் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூட்டுகளாக இருக்கட்டும். வெறும் ஆணியை நம்ப வேண்டாம். இப்படிச் செய்த கதவைப் பல ஆண்டுகள் கழித்தும் இழைத்து, தேய்த்து, மறுபடி பாலிஷ் போடலாம். மற்ற எந்தப் பலகைக்கும் இந்தப் பாக்கியம் இல்லை.

ஆனால் அதே சட்டக் கதவுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்க நினைத்தால் என் ஓட்டு எம்.டி.எஃப்புக்குத்தான். மரம் அசைய அசைய, சட்டங்கள் சேரும் இடத்தில் பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு விழும். வேலையில் குறை இல்லாவிட்டாலும் அது விழும். எம்.டி.எஃப் என்பது மர நார்களைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. அதற்கு நார் ஓடும் திசை என்று ஒன்று கிடையாது. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், வேலைப்பாடு குடைந்தால் பிசிறு தட்டாது, பெயிண்ட் ஒரே சீராகப் பிடிக்கும். உயரமான கதவுகளிலும் நேராக நிற்பதில் சாதாரண பிளைவுட்டை விட இதுவே மேல்.

எம்.டி.எஃப்புக்கு எமன் தண்ணீர். விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் பலகை உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பச்சை நிற எம்.டி.எஃப்பைக் காட்டி ஈரத்தைத் தாங்கும் என்பார்கள். அந்தப் பச்சை அடையாளத்துக்காகக் கலக்கும் சாயம்தான். தாங்கும் சக்தி உள்ளே இருக்கும் பிசினில் இருக்கிறது. அந்தச் சக்திக்கும் எல்லை உண்டு. தண்ணீரில் ஊறக் கிடக்கும் இடத்துக்கு அது போதாது.

பிளைவுட்டின் பலம் அடுக்குகளில் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்காக ஓடுவதால் ஒன்றின் அசைவை மற்றொன்று தடுத்துவிடுகிறது. திருகாணியையும் இறுக்கமாகப் பிடிக்கும். சிங்க்கைச் சுற்றியுள்ள கதவுகளுக்கு நான் தயங்காமல் சொல்வது நல்ல பிளைவுட், அதன் மேல் லேமினேட் தகடு. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கொதிநீரையும் தாங்கும் என்று பிளைவுட்டில் அச்சிட்டிருப்பது அடுக்குகளை ஒட்டிய பசையைப் பற்றியது. மரம் அப்போதும் மரம்தான். வெட்டிய விளிம்பை மூடாமல் விட்டால் அதுவும் ஈரம் குடிக்கும். வெட்டு முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்துகள் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். கீலின் திருகாணி அந்தப் பொந்தில் போய் இறங்கினால் பிடிப்பே இருக்காது.

மரத்துகள்களை அழுத்திச் செய்த துகள் பலகையை (பார்ட்டிகிள் போர்டு) அலமாரிப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு வேண்டாம் என்பேன். தினமும் திறந்து மூடும் இழுப்பில் திருகாணித் துளை தளர்ந்துவிடும், மறுபடி இறுக்குவது கடினம். பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அஞ்சாது, சூட்டுக்கு இளகும். சிங்க்குக்குக் கீழே சரி, அடுப்புக்குப் பக்கத்தில் கூடாது.

ஒரே சமையலறையில் எல்லாக் கதவுக்கும் ஒரே பலகைதான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கீழ்வரிசைக்கு பிளைவுட்டும் மேல்வரிசைக்கு எம்.டி.எஃப்பும் போட்டு, இரண்டுக்கும் ஒரே லேமினேட்டை ஒட்டினால் வெளியே பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

மேல்பூச்சில் கீறல் தாங்குவது லேமினேட். அக்ரிலிக் கண்ணாடி போல மின்னும். கைரேகையும் கீறலும் அதே அளவுக்குப் பளிச்சென்று தெரியும். எம்.டி.எஃப் மேல் சூடாக்கி இழுத்து ஒட்டும் பி.வி.சி. மெல்லுறை, ஓவனுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் நாளடைவில் உரியத் தொடங்கும். எதை ஒட்டினாலும் கதவின் பின்புறத்திலும் ஏறக்குறைய அதே கனத்தில் ஒன்றை ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் 1 மி.மீ. லேமினேட்டை ஒட்டிவிட்டு பின்னால் வெறும் பெயிண்ட் அடித்த கதவு வளையத்தான் செய்யும்.

விளிம்புப் பட்டையை நகத்தால் சோதிக்கலாம். மூலையில் நகத்தை வைத்து மெல்ல நெருடுங்கள். பட்டை கிளம்பினால், அல்லது பசை தடித்த கோடாகத் தெரிந்தால், விட்டுவிடுங்கள். சாதாரண சூட்டுப் பசை மறுபடி சூடு பட்டால் இளகும். பி.யு.ஆர். எனப்படும் பாலியூரிதேன் பசை ஒருமுறை இறுகினால் இளகாது. சமையலறைக்கு அதைக் கேட்டு வாங்குவதே நல்லது. கதவின் நான்கு விளிம்பிலும் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பில் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு.

கீலுக்காகக் குடையும் குழியின் விட்டம் 35 மி.மீ.; ஆழம் ஏறக்குறைய 12 மி.மீ. பலகை 18 மி.மீ. கனம் என்றால் அதற்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான். கனம் குறைந்த பலகையை ஏற்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். 90 செ.மீ. உயரம் வரை இரண்டு கீல்கள் போதும். அதற்கு மேல் மூன்று வேண்டும். ஆளுயரக் கதவுக்கு நான்கு.

கதவுகள் வந்து இறங்கியதும் சுவரில் சாய்த்து வைக்க விடாதீர்கள். சமதளத்தில் படுக்க வைத்து, மாட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை நேர்கோல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் கீலைத் திருகிச் சரிசெய்துவிடலாம் என்று ஆறுதல் சொல்வார்கள். கீலைத் திருகினால் கதவு மேலே கீழே, இடம் வலம், உள்ளே வெளியே நகரும். பலகையின் வளைவு அப்படியே இருக்கும். மாட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.