துடைப்பமா, ஈரத்துணியா, வாக்குவமா? ரோட்டோர வீட்டுத் தூசிக்கு எது சரி?

சென்னை நூறடி சாலை, ஜி.எஸ்.டி. சாலை மாதிரி வண்டி ஓயாத ரோட்டோரம் வீடு என்றால், காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் சாயங்காலம் விரல் வைத்தாலே கருப்பாக ஒட்டும். அது வெறும் மண் இல்லை. டீசல் புகைக்கரி, பிரேக் பேடு தேய்ந்து வரும் உலோகத் துகள், டயர் தேய்ந்த ரப்பர் எல்லாம் அதில் உண்டு. டயரில் செயற்கை ரப்பர் கலந்திருப்பதால் அந்தத் துகளும் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள், கணக்கில்தான் வரும். வீட்டுக்குள் பாலியஸ்டர் திரைச்சீலையும் சோபா உறையும் உதிர்க்கிற இழை இதோடு சேர்ந்துகொள்கிறது.

பூந்துடைப்பம் மணலையும் முடியையும் நன்றாகக் கூட்டும். நுண்துகளைக் கூட்டாது, கிளப்பிவிடும். காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஒரு மீட்டர் இறங்கவே 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். பெருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஃபேனை நிறுத்தி, துடைப்பத்தை வீசாமல் இழுத்துக் கூட்டி, கால் மணி கழித்து ஈரத்துணி போடுங்கள்.

டைல்ஸ், மொசைக் தரைக்கு ஈரத்துணிதான் முதலிடம். தூசி நனைந்ததும் பறக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுக்கத் துடைத்தால், ஹாலில் எடுத்த கரியைப் படுக்கையறையில் பூசிவிடுவோம். காய்ந்ததும் சாம்பல் நிறப் படலம் தெரியும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று அலச, ஒன்று நனைக்க. சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். மைக்ரோஃபைபர் துணி தூசியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதுவே பிளாஸ்டிக் இழை. துவைக்கும்போதெல்லாம் கொஞ்சம் உதிரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இரண்டாக மடித்துப் போட்டால் போதும். அலசிய தண்ணீரை அரை மணி வைத்து, மேல் நீரைச் சாய்த்துவிட்டு, அடியில் தங்கிய கருப்பு வண்டலைப் பழைய பேப்பரில் வழித்துக் குப்பையில் போட்டால், அதுவாவது சாக்கடைக்குப் போகாது.

மெத்தை, சோபா, கால்மிதிக்கு ஈரத்துணி உதவாது, அங்கே வாக்குவம்தான். நுண்தூசியைப் பிடிக்கிற ஹெச்13 தர ஹெப்பா ஃபில்டரும், காற்று கசியாத உடலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபில்டர் நல்லதாக இருந்து மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், உறிஞ்சிய நுண்தூசி பின்பக்கமாக அறைக்கே திரும்பும். பையில்லாத மாடலில் டப்பாவைக் கொட்டும்போது புகை மாதிரி தூசி கிளம்பும். முகக்கவசம் போட்டு, பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தே கவிழுங்கள். கழுவலாம் என்று எழுதியிருக்கும் ஃபில்டரை மட்டும் கழுவி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், உறிஞ்சும் சக்தியும் குறையும்.

ஏர் பியூரிஃபையர் மிதக்கிற துகளுக்கு மட்டும்தான். தரையில் படிந்ததை அது தொடாது. 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று சுத்தமாக, சி.ஏ.டி.ஆர். (பியூரிஃபையர் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற அளவு) குறைந்தது 170 வேண்டும். ரோட்டுப் பக்க ஜன்னல் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் பியூரிஃபையருக்குச் செலவழிக்கும் முன் தினமும் ஈரத்துணி போடுங்கள். குழந்தை தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கிறது.