சிட்டிங் ஃபீஸா, ஃபைலுக்குக் காசா? டாக்டர் மேல வர்ற புகாரப் படிக்கிற குழுவுக்கு எது சரி

பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில கிளினிக் வச்சிருக்கேன். டாக்டர்ங்க மேல வர்ற புகார ஆராயுற குழு ரெண்டுல உட்கார்ந்திருக்கேன், முதல் குழுவுல கூட்டத்துக்கு இவ்வளவுன்னு சிட்டிங் ஃபீஸ், இப்ப இருக்கிறதுல ஒரு ஃபைலப் படிச்சு எழுத்துல ரிப்போர்ட் குடுத்தா அதுக்கு இவ்வளவு. அடுத்த வருஷத்துக்கு எது வேணும்னு எங்ககிட்டயே கேட்டாங்க, நான் ஃபைலுக்குத்தான் கை தூக்கினேன்.

காசே வேண்டாம், சேவையா செய்யணும்னு சொல்றவங்கள மதிக்கிறேன். ஆனா திருவனந்தபுரத்துல கூட்டம்னா நாங்க ராத்திரி ரயில் ஏறணும், மறுநாள் ஓபி கிடையாது. ரிட்டயர் ஆனவங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க.

சிட்டிங் ஃபீஸ்ல கணக்கு சுலபம், ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருந்தா காசு. வினையே வாய்தாலதான். வேலையில முக்கால்வாசி வீட்ல உட்கார்ந்து படிக்கிறது, அதுக்கு ஒண்ணுமில்ல, அதனால பல பேர் கூட்டத்துக்கு வந்தப்புறம்தான் கட்டப் பிரிப்பாங்க, "இன்னும் கொஞ்சம் பாக்கணும்"னு தள்ளிப் போகும், அடுத்த கூட்டத்துக்கும் ஃபீஸ் வரும். யாரும் கெட்டவங்க இல்லீங்க, காசு விழற எடம் அப்படி. டாக்டர்ங்களுக்கான 2002 நெறிமுறை விதியில புகார் மேல 6 மாசத்துக்குள்ள முடிவெடுக்கணும்னு தெளிவா இருக்கு. வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கத்துலருந்து வந்த ஒரு அம்மா, கூலி வேலைக்குப் போறவங்க, நாலாவது தடவை வந்தப்ப "சார், இன்னிக்காவது கேப்பீங்களா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கும் வாய்தாதான். அது எனக்கு இன்னும் உறுத்துது.

அவங்க ஃபைல் மாதிரிதான் எங்க எல்லையில வர்றது பெரும்பாலும். கேஸ் ஷீட் இங்கிலீஷ்ல, சம்மதப் படிவம் மலையாளத்துல, கையெழுத்துப் போட்டவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், என்ன ஆபரேஷன்னு புரிஞ்சுதான் போட்டாங்களாங்கிறதே வழக்கு. இத ஒரு சாயங்காலம் பூரா பக்கம் பக்கமா புரட்டினாத்தான் பிடிபடும். ரிப்போர்ட்டுக்குக் காசுன்னு ஆனதும் எல்லாரும் படிச்சுட்டு வர்றாங்க, போன மாசம் ரெண்டு ஃபைல் ஒரே உட்கார்ல முடிஞ்சுது.

குறை இல்லாம இல்ல. பொய் சர்ட்டிஃபிகேட் புகாருக்கும் மயக்க மருந்துல உயிர் போன கேஸுக்கும் ஒரே ரேட்டுன்னா அவசரமா எழுதத்தான் தோணும், மூணு வரி ரிப்போர்ட் ஒண்ணு நானே பாத்தேன். அதனால ரெண்டு ரேட் வைக்கச் சொல்லியிருக்கேன், குழு கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் எழுதுற வரைக்கும் பாதித் தொகைய நிறுத்தி வைக்கவும் சொல்லியிருக்கேன். டாக்டர் மேல தப்புன்னாலும் இல்லன்னாலும் தொகை மாறக்கூடாது, இதுல பேச்சே இல்ல.

கலிபோர்னியா மெடிக்கல் போர்டு ஃபைல் படிக்கிற டாக்டர்ங்களுக்கு மணிக்கணக்குல குடுக்குது. கஷ்டமான கேஸுக்கு அது நியாயமாத் தெரியுது, ஆனா அந்த முறையில நான் வேலை செஞ்சதில்ல, அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

விசாரணை நாளுக்கு ரயில் டிக்கெட்டும் ஓபி போன நஷ்டத்துக்கு ஒரு தொகையும் தனியா குடுக்கட்டும், ஆனா ரிப்போர்ட் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தா மட்டும்.