கார்க் கொட்டிலில் கிடைத்த லூக்காஸ் பெட்டி: யாழ்ப்பாணத்தில் இனங்காண்பதும் திருத்துவதும்

ஊருக்குப் போய் அப்பப்பாவின் கார்க் கொட்டிலை ஒதுக்கும்போது அடிக்கடி கையில் அகப்படுவது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பழைய காரின் டைனமோ (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது) பற்றரிக்கு ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும், லூக்காஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் கண்ட்ரோல் பெட்டி இது. மூடியைத் திறந்தால் செப்புக் கம்பி சுற்றிய இரண்டு உருளைகள், விளிம்பில் ஐந்து முனைகள். கராஜில் இதை மொத்தமாக 'கட்டவுட்' என்பார்கள். உண்மையில் கட்டவுட் என்பது அதில் ஒரு உருளை மட்டுமே. டைனமோ சுற்றாத நேரத்தில் பற்றரி மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுப்பது அது. மற்ற உருளை வோல்ற்றேஜ் றெகுலேற்றர், டைனமோவின் வோல்ற்றை அளவோடு வைப்பது. பழுது எந்த உருளையில் என்று கேட்டு வாங்காவிட்டால் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள்.

கடையில் முதற்கேள்வி "எந்தக் காருக்கு?" என்பதாக இருக்கும். "ஒஸ்ரின் ஏ-40 க்கு", "மொறிஸ் மைனருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் வராமல், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. ஒரு காரின் பாகம் இன்னொன்றில் ஏறியிருக்கும். ஏ-40 நின்ற கொட்டிலில் கிடைத்தது என்பதற்காக அது ஏ-40 இனுடையது ஆகாது. காரை விட்டுவிட்டுப் பெட்டியை வாசியுங்கள்.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அடித்தட்டைத் துடைத்து, சாய்வாக ரோச் அடித்துப் பார்த்தால் பொறித்த எழுத்து தெரியும். 'ஆர்பி' என்று தொடங்கினால் பியூஸ் இல்லாத பெட்டி. 'ஆர்எஃப்' என்றால் பியூஸும் சேர்ந்தது. பழைய மொறிஸ் மைனரில் வந்தது இந்த வகை. ஆர்பி 106 இல் இரண்டு உருளை. 1960களின் ஆர்பி 340 இல் மூன்று. மூன்றாவது கரண்ட் அளவைக் கட்டுப்படுத்துவது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக அப்படியே பூட்ட முடியாது. ஐந்து இலக்க எண்ணும் இருக்கும்: 37 இல் தொடங்கினால் கண்ட்ரோல் பெட்டி, 22 டைனமோ, 25 ஸ்ரார்ட்டர், 45 கொயில். பக்கத்தில் சிறிய எழுத்தில் அடித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் ஆண்டு. டைனமோவின் பெயரிலேயே அதன் அளவும் உண்டு. சி39 என்றால் 3.9 அங்குல விட்டம், சி40 என்றால் 4 அங்குலம். சி39பிவி2 இன் கணக்கு 19 அம்பியர், சி40-1 இன் கணக்கு 22. பெட்டி டைனமோவோடு பொருந்த வேண்டும்.

கராஜுக்குப் போகமுன் மல்ற்றிமீற்றர் ஒன்றோடு பத்து நிமிடம் போதும். ஆர்பி 106 இன் முனைகள் ஏ, ஏ1, எஃப், டி, ஈ. வரிசையை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். மீற்றரை ஓமில் வைத்து முனைகளுக்கு இடையே பாருங்கள். ஏ–ஏ1: கிட்டத்தட்ட பூச்சியம். ஏ–டி: திறந்து இருக்க வேண்டும், இணைப்புக் காட்டினால் கட்டவுட்டின் தொடுமுனை (உள்ளே திறந்து மூடும் இடம்) ஒட்டிப்போயிற்று, வண்டியில் பூட்டினால் பற்றரி டைனமோ வழியாக இறங்கி வயர் எரியும். டி–எஃப்: பூச்சியம், றெகுலேற்றரின் தகட்டை விரலால் மெல்ல அழுத்தித் தொடுமுனைகளைப் பிரித்தால் 60 ஓம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாமல் 'திறந்தது' என்று காட்டினால் அடித்தட்டின் பின்புறம் உள்ள தடையி உடைந்திருக்கிறது. உப்புக்காற்றில் அதன் காலடி பச்சை பூத்து அறுந்துபோவது வழமை. டைனமோ நல்லதாக இருந்தும் தொடுமுனை கருகிக்கொண்டே இருந்தால் இந்தத் தடையியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வயரிங் பாஸ்மாரின் (வாகன மின்வேலை செய்பவர்களின்) கைவேலை உண்மையிலேயே பெரிது. வேறு நாடுகளில் தூக்கி எறியும் ஆர்மேச்சரை (டைனமோவுக்குள் சுற்றும் பகுதி) இங்கே கம்பி சுற்றித் தருவார்கள், கார்பன் துண்டை அராவிப் பொருத்துவார்கள். ஆனால் ஒரு இடத்தில் பக்கத்தில் நில்லுங்கள்: தொடுமுனை துப்புரவாக்கும்போது. றெகுலேற்றரின் தொடுமுனை ரங்ஸ்ரன். அதற்கு நுண்ணிய காபொறண்டம் கல் சரி. கட்டவுட்டின் தொடுமுனைக்கு நுண்ணிய கண்ணாடித் தாள் மட்டும். எமரி படவே கூடாது. ஒரே எமரித் துண்டால் இரண்டையும் தேய்த்துவிடுவது வழக்கமான தவறு. பிறகு ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லுங்கள்.

டைனமோவைத் தனியாகச் சோதிக்க: டி, எஃப் வயர்களைக் கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக்கி, அங்கிருந்து உடலுக்கு மீற்றர் வையுங்கள். எஞ்சினை மெதுவாக உயர்த்தினால் வோல்ற் சட்டென ஏறும். 20 ஐத் தொடவிடாதீர்கள். ஒரு வோல்ற்றுக்குள் நின்றால் பழுது ஃபீல்ட் சுருளில், நான்கைந்தில் நின்றால் ஆர்மேச்சரில், ஒன்றுமே இல்லையென்றால் முதலில் கார்பனைப் பாருங்கள். டைனமோ நல்லதென்றால் மட்டும் பெட்டியின் அளவு திருத்தும் திருகில் கை வையுங்கள். ஏ, ஏ1 வயர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, டி–ஈ இடையே பார்த்தால் 16 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். வெயில் நேரத்தில் சற்றுக் குறையும். 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். கூட நேரம் ஓடினால் சுருள் சூடாகி அளவு பொய்யாகும். கட்டவுட் 12.7 முதல் 13.3 க்குள் மூட வேண்டும்.

மாற்றுப் பெட்டிதான் வேண்டுமென்றால் கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. யாழ் ரயிலில் மருதானையில் இறங்கினால் கிட்ட. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும் ஞாயிறையும் தவிர்த்துப் போங்கள். பழைய பெட்டியைக் கையில் கொண்டுபோங்கள், படம் போதாது. இந்தியத் தயாரிப்புப் பிரதிகளும் உண்டு, வெளித்தோற்றம் ஒன்றுதான். உள்ளே உருளை இருக்கிறதா, எலெக்ட்ரோனிக் தட்டு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். இந்தக் கார்கள் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். உருளைப் பெட்டிக்கு அது பொருட்டில்லை, எலெக்ட்ரோனிக் தட்டோ மாறிப் பூட்டினால் அந்தக் கணமே போய்விடும்.

நல்லூர்த் திருவிழா நாட்களில் பாஸ்மாருக்கு நேரம் இராது. விடுமுறையின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கூலியை முன்கூட்டியே பேசி, கழற்றிய பழைய கார்பன், தடையி, திருகு எல்லாவற்றையும் ஒரு பையில் திரும்பக் கேளுங்கள். விமானத்தில் கொண்டுபோவதென்றால் பெரிய பெட்டிக்குள், மூடிக்கும் உருளைக்கும் இடையில் மெல்லிய துணி திணித்து வையுங்கள். அடித்தட்டு பேக்லைற் என்றால் ஒரு தட்டிலேயே வெடிக்கும்.